பின் சக்கரத்துக் காற்று

பேக்கரிக்காரர் மகன் ஊரைவிட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. அதிலிருந்து வியாழன்தோறும் என் சித்தி நகரமன்ற வாசலில் குந்தி, அவன் விட்டுப்போன சைக்கிளுக்குக் காற்றடிக்கிறாள். மணியை ஒருமுறை அடித்துப் பார்ப்பாள். "வந்துட்டானா?" என்று பிறப்புச் சான்றிதழ்க்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். "உங்க வேலையைப் பாருங்க" என்பாள். பிறகு பையனுக்குச் செய்தி போகும்: "உன் வண்டி வழியை மறிக்குது. எப்ப எடுப்பே?" பதில் வராது.

நகரமன்றத்தில் சித்திக்கு இரண்டு வேலை. ஒன்று, கூட்ட அரங்கை வாடகைக்கு விடுவது. இன்னொன்று தீவிரவாதத் தடுப்பு. அரசு நிதி ஒதுக்கியதும், "உங்க மேஜைதான் காலியா இருக்கு" என்று அதை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் முதல் வேலை இரண்டாவதன் காலை வாரிவிட்டது. உடற்பயிற்சி வகுப்பு என்று சொல்லி வந்த கும்பலுக்கு அரங்கைக் கொடுத்தவள் அவளேதான். ஆரோக்கியத்துக்காகக் கட்டணச் சலுகை வேறு. உள்ளே நடந்ததோ, யார் யாரை ஊரைவிட்டு விரட்டலாம் என்ற பாடம். அந்த வகுப்புக்கு வந்த பையன், சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டு அந்தக் கும்பலோடுதான் கிளம்பிப் போனான்.

"ஒருத்தன்கூட வேர்த்து வெளியே வரலை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்" என்பாள் சித்தி.

நிதிக்குப் பின்னாலேயே தலைநகரத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அவள் அனுப்பிய செய்திகளைப் படித்து முகம் சுளித்தார். "மேடம், அவங்க சித்தாந்தத்துக்கு மாற்றுக் கருத்து வைக்கணும். மாதிரி வாசகம் கொடுத்திருக்கோமே?"

"படிச்சேன் சார். எனக்கே அந்தப் பக்கம் போயிடலாம்னு தோணிச்சு."

பல நாடு சுற்றிவிட்டு அவள் மாடியறையில் வந்து விழுந்திருக்கும் எனக்கும் மனம் கேட்கவில்லை. "நாலு நல்ல வார்த்தை சொன்னாத்தான் என்ன சித்தி?"

"நல்ல வார்த்தை சொல்ல அவனுக்கு அங்க ஆள் இருக்கு. வண்டியை எடுடான்னு திட்ட யார் இருக்கா?"

ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. நான் சாப்பாடு கொண்டுபோயிருந்த ஒரு மதியம், அவள் கைபேசி சிணுங்கியது. படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் நீட்டினாள்.

"பின் டயர்ல காத்து இருக்கா அக்கா?"

சித்தி பதில் தட்டினாள்: "சுத்தமா இல்லை. நீயே வந்து அடிச்சுக்கோ."

அனுப்பிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். கல்லாய் இறுகியிருந்த பின் சக்கரத்தின் அருகில் குந்தி, வால்வைத் திறந்து, காற்று முழுவதையும் வெளியேற்றினாள்.