அம்மா ஆடிய வட்டம்

போடியில் பேத்தியின் பள்ளியில் பழங்குடிப் பண்பாட்டு விழா. பளியர் மேளம் கேட்டதும் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் எங்கள் குரங்கணிப் பள்ளி விழாவுக்கும் மலையிலிருந்து பளியர்கள் ஆட வந்தார்கள். மேளத்தோடு குழல் சேர்ந்ததும், என் பக்கத்திலிருந்த அம்மா எழுந்துபோய் அவர்கள் வட்டத்தில் ஆடினாள். பாட்டையும் வரி பிசகாமல் பாடினாள். அவள் தேவாரம் ஊர்ப் பெண், சொந்தபந்தம் யாருமில்லாதவள் என்றுதான் அப்பா எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

“அண்ணே, பளிச்சியவா கட்டிக்கிட்டு வந்தே?” என்று அத்தை அலறினாள்.

“ஆமா. அவ ஆடி முடிக்கட்டும், சும்மா இரு,” என்றார் அப்பா.

ஆட்டம் நின்றது. மேளம் அடித்த கிழவர் அழுதுகொண்டே அம்மாவை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“வந்துட்டேன்ப்பா,” என்றாள் அம்மா.

எனக்கொரு தாத்தா இருப்பது அப்போதுதான் தெரிந்தது.