ஏழு நாள் இரவல்

சென்ற செவ்வாய்க்கிழமை பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது சந்திரகலா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு பீரோ ஒன்று வராந்தாவில் நின்றது. இரண்டு கதவும் திறந்து கிடந்தன, உள்ளே ஒன்றுமில்லை. கூடவே அவள் குரலும் வந்தது. "ஏட்டி, பழைய இரும்புக்காரரு வந்திருக்காரு. ஒனக்கு வேணும்னா சொல்லு, பேசி வாங்கித் தாரேன்." பிறகு அவளுடைய சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் வாசம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறிவிட்டது. பலாக்கொட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாசத்தை நான் முதன்முதலில் முகர்ந்தது வேலைக்குச் சேர்ந்த அன்று. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் திருச்சபை நடத்திய பல்கலைக்கழகம் அது. பெயர் வேண்டாமே. அதில் கணக்குப் பாடத்துக்கு விரிவுரையாளர். அலுவலகக் கண்காணிப்பாளர் ஜெபராஜ் சார் என்னுடைய அசல் சான்றிதழ்களையெல்லாம், பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரைக்கும், வாங்கி எண்ணிப் பார்த்து, பழுப்பு உறையில் போட்டு, உருண்டை உருண்டையான கையெழுத்தில் என் பெயரை எழுதினார். ஒரு அந்துருண்டையையும் உள்ளே போட்டார். "இங்க பத்திரமா இருக்கும் டீச்சர். ஒங்க வீட்டுல கரையான் அரிக்கும், இங்க அது நடக்காது" என்றார். அருமனையில் எங்கள் வீட்டில் கரையான் இருந்தது உண்மைதான். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் அப்போது யோசித்தேன். யோசிக்க வேண்டியது வேறு விஷயம். உறை பீரோவுக்குள் போயிற்று, பீரோ பூட்டப்பட்டது, சாவி அவர் இடுப்புக் கயிற்றுக்குப் போயிற்று.

பிறகு விதிப் புத்தகத்தைக் கொடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் ஒரு வரி கூட வாசிக்காமல் எண்பத்து நான்கு பக்கத்திலும் போட்டேன். கடைசிப் பக்கங்களில் என் கையெழுத்தே வேறு யாரோ போட்டது மாதிரி இருந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, பக்கங்களை மட்டும் சரியாக எண்ணியிருந்தேன்.

புத்தகத்தில் என்ன இருந்தது என்பது வாழ வாழத் தெரிந்தது. கல்யாணமாகாத ஆசிரியைகள் மாணவியர் விடுதியில் உதவி வார்டனாகத் தங்க வேண்டும். புதன்கிழமை ஆராதனைக்கு வெள்ளைச் சேலை. மாதம் இரண்டு சனிக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போகலாம், அதற்கும் அவுட் பாஸ் வேண்டும். பிள்ளைகளின் அவுட் பாஸில் நான் கையெழுத்துப் போடுவேன், என் அவுட் பாஸில் பெரிய வார்டன் போடுவார். காரணம் என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதினால், "வீட்டுல என்ன?" என்று கேட்பார். வீட்டில் என்ன இருக்கும், வீடுதான் இருக்கும். சாயங்காலம் ஜன்னலில் நின்றால் வடசேரி பஸ்கள் போவது தெரியும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நிற்பேன். மூச்சு முட்டியது, அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதனால் யாரிடமும் குறை சொல்லவும் வழியில்லை.

சந்திரகலா என் அறைத் தோழி, இயற்பியல் ஆசிரியை. சுசீந்திரத்துக்கு அப்பால் வயல்காட்டு ஊர், அய்யாவழிக் குடும்பம். வீட்டுக்குப் போய்த் திரும்பும் நாளில் நெற்றி நாமத்தை வாசலிலேயே முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே வருவாள், அதுவும் புத்தகத்தில் இருந்தது. புதன்கிழமை கீர்த்தனைகளை என்னைவிட நன்றாகப் பாடுவாள். அவளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மஸ்கட்டில் கடையில் வேலை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார் அவர். அசல் சான்றிதழ்களைக் கொண்டுபோய் முத்திரை வாங்கினால் போதும். ராஜினாமாவை மே மாதம்தான் ஏற்பார்கள், அசல்களையும் அப்போதுதான் தருவார்கள் என்பது விதி. அவள் விதிப்படி மே மாதத்துக்குக் காத்திருந்தாள். கட்டில் தலைமாட்டில் காலண்டரைத் தொங்கவிட்டு நாளைச் சுழித்துக்கொண்டிருப்பாள். கல்யாணமும் அந்த மே மாதத்தில்தான்.

எனக்கோ தை மாதத்திலேயே கடிதம் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலைக்கு எழுதியிருந்த பரீட்சையில் தேறியிருந்தேன். குறிப்பிட்ட நாளில் அசல்களோடு சென்னைக்கு வர வேண்டும். அசல்கள் பீரோவுக்குள். ஜெபராஜ் சாரிடம் போய், சுற்றி வளைத்து, ஓர் ஆசிரியைக்கு அசல் இரவல் வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ரெண்டு காரணத்துக்குத்தான் வெளிய விடலாம். ஒண்ணு பாஸ்போர்ட்டு. ஒரு நாள், பியூனும் கூட வருவாரு, உறை அவரு கையிலதான் இருக்கும். ரெண்டு, இறையியல் படிக்கப் போறதுக்கு. அதுக்கு ஏழு நாள்."

"வேற காரணத்துக்கு?"

"ரூல்ல இல்லாதத நான் எங்க போயித் தேட டீச்சர்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது.

விண்ணப்பத்தில் 'இறையியல் படிப்புக்கான நேர்முகத் தேர்வு, சென்னை' என்று எழுதினேன். கீழே ஜாமீன் கையெழுத்துக்கு இடம் இருந்தது. இரவல் வாங்கியவர் அசல்களைத் திருப்பித் தரும்வரை ஜாமீன்தாரரின் அசல்களையும் விடுவிக்க மாட்டார்கள் என்று அச்சிட்டிருந்தது. சந்திரகலா அதை இரண்டு முறை வாசித்தாள். எங்கள் இருவரில் வாசிக்கிறவள் அவள்தான்.

"ஏழு நாள்தான? வந்திருவியா?"

"வராம எங்க போவேன்?"

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த விதிக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. இறையியல் படிக்க முன்வருகிறவருக்காகப் புதன் ஆராதனையில் ஜெபிக்கப்படும், அவருடைய ஊர்ச் சபைக்கும் செய்தி தெரிவிக்கப்படும். இது என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. முன்னே வரச் சொன்னார்கள். வெள்ளைச் சேலையோடு போய் முழங்காலிட்டேன். பல்கலைக்கழகக் குருவானவர் தலையில் கை வைத்தார். வயதானவர், நல்லவர், கை வெதுவெதுப்பாக இருந்தது. நிறைய ஜெபித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுதேன். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் பரவசமாக அழுதார்கள். பின் வரிசையில் சந்திரகலா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளும் அழுததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருமனையில் எங்கள் சபையிலும் வாசித்துவிட்டார்கள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் சட்டையில் ரப்பர் ஷீட் புளித்த வாசம் போகாது, அதனால் கோயிலில் எப்போதும் பின்வரிசையில்தான் உட்காருவார். அன்று போதகர் அவரை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தார். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு என்னை ஏற்றிவிட வந்தபோது அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். "மக்களே, பயப்படாத. நான் ஒனக்கு வேண்டி ஜெபிக்கேன்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம், பஸ் புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மடியில் உறை இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "செரிப்பா" என்றேன்.

சென்னையில் சான்றிதழ் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டு, ராமநாதபுரம் பக்கம் ஓர் ஊரைக் கொடுத்து, ஆணையையும் கையில் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அசல்களோடு போய்ச் சேர வேண்டும். அதே திங்கட்கிழமைதான் என்னுடைய ஏழாம் நாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து விடுதிக்குப் போன் செய்தேன். போன் பெரிய வார்டன் அறையில் இருக்கும். சந்திரகலாவைக் கூப்பிட்டுத் தந்தார்கள்.

"ஆர்டர் தந்தாச்சு கலா. திங்கக்கெழம சேரணும். அசல காட்டணும். நான் என்ன செய்யட்டும்?"

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பிடியா, எடம் கெடச்சாச்சா?" என்றாள், குரலை உயர்த்தி. "செரி. சேந்துக்கோ. நல்லதாக்கும்." பின்னால் வார்டன் "ஸ்தோத்திரம்" என்று சொல்வது கேட்டது.

வார்டனை அருகில் வைத்துக்கொண்டு அவள் வேறென்ன சொல்ல முடியும் என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். அதனால்தான் மறுபடி கூப்பிடவில்லை.

சேர்ந்துவிட்டேன். பணிப்பதிவேட்டில் குறித்துக்கொண்டு அசல்களை அன்றே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேலையில் சேர்ந்தாகிவிட்டது, இனி அவை யாருக்கும் அவசரமாக வேண்டாம். உறையை ரிஜிஸ்டர் தபாலில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர்கள் கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் அனுப்பினால் சொல்லாமல் ஓடிப்போனவளுக்கு அவர்கள் ஒருநாளும் திருப்பித் தரமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. நாளைக்கு அரசாங்கம் மறுபடி கேட்டால்? அடுத்த மாதம் அனுப்பலாம், வேலை நிரந்தரமானதும் அனுப்பலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மே மாதம் முடிந்து சந்திரகலா ஒரு கார்டு போட்டாள். "போய்க் கேட்டேன். உன்னுடையது வராமல் என்னுடையதைத் தரமாட்டார்களாம். கல்யாணம் நன்றாக நடந்தது. நீ கவலைப்படாதே." நான் கவலைப்பட்டேன். பெரிய காரியம்தான். கவலைப்பட்டுவிட்டு உறையை என் பீரோவில் வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க இரண்டு அந்துருண்டையும் வாங்கிப் போட்டேன்.

அவள் கணவர் தனியாக மஸ்கட்டுக்குத் திரும்பினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார். அப்படி ஒன்பது வருடம். பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்தார். அவள் பல்கலைக்கழகத்திலேயே இருந்து மூத்த பேராசிரியை ஆகிவிட்டாள். அப்பாவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். "அரசாங்க வேலயும் நல்லதுதான் மக்களே" என்றார். அடுத்த ஞாயிறு முதல் பின்வரிசைக்கே திரும்பிவிட்டார். இறக்கும்வரை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சந்திரகலாவைக் கூப்பிட்டேன். அசல்களைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று இப்போது மேலிடத்து உத்தரவாம். எல்லா உறையையும் திருப்பிக் கொடுத்து பீரோவைக் காலி செய்துவிட்டார்களாம். அவளுக்கும் அவளுடையது கிடைத்துவிட்டது.

"ஜெபராஜ் சாரு எழுத்து அப்பிடியே இருக்கு, மங்கல்ல. இத வச்சு இனி நான் எங்க வேலைக்குப் போவேன், சொல்லு" என்று சிரித்தாள்.

இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "கலா, என்னோடத நான் தபால்ல அனுப்பியிருக்கலாம்."

"தெரியும்டி" என்றாள். "ரெண்டு வருசம் தபால் வாற நேரத்துக்கு ஆபீஸ் பக்கமாட்டுத்தான் நடந்து போவேன். ஜெபராஜ் சாரும் கவர ஒண்ணொண்ணாப் பெரட்டிப் பாத்துட்டு, இல்லண்ணு தலையாட்டுவாரு. பொறவு போறத விட்டாச்சு." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு பலாக்கொட்டை அவித்தேனா, பொரித்தேனா என்று கேட்டாள்.

பீரோ எடைக்குப் போய்விட்டது. ஜெபராஜ் சார் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். விதிப் புத்தகமும் மாறிவிட்டது. இப்போது சேருகிற பிள்ளைகள் சான்றிதழைப் போனில் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அவர்களிடம் ஜாமீன் என்றால் சிரிப்பார்கள். அரசு வேலையில் நான் முதலில் சேர்ந்த அந்த ராமநாதபுரத்து ஊர்ப் பக்கம் போன மாதம் போயிருந்தேன். அங்கே தபால் நிலையமும் இல்லை. வாடகைக் கட்டடம் என்று காலி செய்துவிட்டார்களாம், ஷட்டர் போட்டிருந்தது. அது எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஒன்பது வருடம் தினமும் காலையில் அதன் சிவப்புத் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் நான் வகுப்புக்குப் போனேன்.