கொழுப்பு இல்லாதவள்

என் தங்கை பிறந்தபோது வானகரத்தில் எங்கள் தெருவே திரண்டு வந்து பார்த்தது. கைகால்கள் முறுக்கேறி, நரம்பு புடைத்து, குட்டிப் பயில்வானைப் போலிருந்தாள். கண் பட்டுவிடும் என்று அம்மா கன்னத்தில் பெரிதாக மைப்பொட்டு வைத்தாள். ஊரே மெச்சியது ஒரு நோயை என்று பிறகுதான் தெரிந்தது.

உடம்பு கொழுப்பைத் துளித்துளியாகச் சேர்த்து வைக்க, கொழுப்புச் செல்லுக்குள் இருக்கும் சவ்வில் ஒரு புரதம் வேண்டுமாம். அதைச் செய்யும் மரபணு தங்கைக்கு இரண்டு பிரதியிலும் பழுது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எங்களில் சொந்தம் விட்டுப் பெண் எடுப்பதில்லை; அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். தங்க இடமில்லாத கொழுப்பு ஈரலுக்கும் ரத்தத்துக்கும் போய்விடும். பள்ளிக்கூட வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை. எந்நேரமும் பசி, ஆனால் ஒரு பஜ்ஜி கூடாது. வேலப்பன்சாவடி காலேஜுக்குப் போகும்போது பஸ்ஸில் அவள் கையைப் பார்த்துக் கேலி செய்வார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். அவளோ அரைக்கைச் சட்டையை விடவே இல்லை.

சென்னீர்குப்பத்து மாமாவின் மகளை எனக்குப் பேசினார்கள். அவள் என்றால் எனக்கு உயிர். பூ வைக்க எல்லோரும் கூடிய அன்று தங்கை எழுந்து, இரண்டு பேருக்கும் மரபணு பரிசோதனை முடியட்டும், பிறகு பூ வைக்கலாம் என்றாள். எனக்கே சுருக்கென்றது. மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"இன்னா கொழுப்பு பாரு இவளுக்கு," என்றார் அம்மாவிடம்.

"அது ஒண்ணுதான் மாமா என் ஒடம்புல இல்ல. இவங்களுக்குப் பொறக்கப்போற புள்ளைக்காவது இருக்கட்டும்."

மாமா மகள் உள்ளிருந்து வந்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன் என்று சொல்லித் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாண மாப்பிள்ளையான நான் காபி டம்ளரைப் பிடித்தபடி இருந்தேன்.

முடிவு வரும்வரை தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். என்னிடம் ஒரு பிரதியில் பழுது இருந்தது, அவளிடம் இல்லை. பிள்ளைக்கு இந்த நோய் வராது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பூ வைத்தோம். மாமா தான் வாங்கி வந்த மல்லிகையில் முதல் முழத்தைத் தங்கையிடம் கொடுத்தார்.

போன மாதம் எங்கள் மகளைக் குளிப்பாட்டியவள் தங்கைதான். குழந்தையின் தொடை மடிப்பு மடிப்பாக இருந்தது. அதை மெதுவாகக் கிள்ளினாள். மறுபடியும் கிள்ளினாள்.

"இன்னா கொழுப்புடி உனக்கு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.