இரண்டாவது சிடி

எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறைதான் திருட்டுப் போயிருக்கிறது. போனது ஒரு சினிமாவின் பிற்பாதி. கண்டுபிடித்தது நான். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அப்போது லால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டு அத்தாமார்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா துபாயில். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவு. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த லீவில் அவர் ஒரு சிடி பிளேயர் கொண்டுவந்தார். சிதம்பரத்துக் கடையொன்றில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றையும் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு படம் என்றால் இரண்டு சிடி. பாதிப் படம் இதில், மீதி அதில்.

அவர் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பிரியாணியும் முடிந்து, எல்லோரும் பாயில் உட்கார்ந்து படம் போட்டோம். ஒரு குண்டன், ஒரு ஒல்லி. வேலை கேட்டு ஒரு ஜமீன் பங்களாவுக்குப் போகிறார்கள். அன்றைக்குப் பார்த்து அங்கே வைர அட்டிகை காணாமல் போகிறது. வந்தவர்கள் துப்பறிகிறவர்கள் என்று ஜமீன்தார் நினைத்துவிட, சாப்பாடு கிடைக்கிறதே என்று இவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். குண்டன் உட்கார்ந்தால் நாற்காலி உடையும். தூக்கிவிட வந்த ஒல்லி அவன் மேலேயே விழுவான்.

அத்தா சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். சத்தமே வராது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், கடைசியில் மூச்சு வாங்கும்போது மட்டும் விசில் மாதிரி ஒன்று கேட்கும். அந்த விசிலுக்குத்தான் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

குண்டனும் ஒல்லியும் ஒரே பீரோவுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். திருடன் அறைக்குள் வருகிறான். இடுக்கு வழியாகப் பார்த்த ஒல்லி, ஐயோ இவரா என்று அலறுகிறான். அதோடு முதல் சிடி தீர்ந்தது. அடுத்ததைப் போட மாமா உறையைப் பிரித்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. உறைக்குள் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது தனிப் படம். அத்தா நல்ல பருமன், மாமா ஊதினால் பறக்கிற உடம்பு. கட்டிலுக்கு அடியில் நுழைந்து தேடிய அத்தா அங்கேயே மாட்டிக்கொண்டார். அவர் காலைப் பிடித்து இழுத்த மாமா பின்னால் இருந்த கோதுமை மாவு டின்னில் போய் விழுந்தார். தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக எழுந்து நின்ற தம்பியைப் பார்த்து அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவளும் அடுப்படி முழுக்கத் தேடினாள். மறுநாள் மாமா சிதம்பரம் போய்க் கேட்டதற்கு, பழைய படம், இருந்ததே ஒரு செட்தான் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அத்தா போன பிறகு திருடன் யாரென்று தெரிந்து நான் என்ன செய்வது? அந்த விசிலுக்கு எங்கே போவது? கார் வந்து நின்றபோது அத்தா என் கன்னத்தைக் கிள்ளி, சிடி கிடைத்தாலும் யாரும் பார்க்கக் கூடாது, நான் வந்ததும் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை போன் வந்தால், நல்லா இருக்கியா, ஒழுங்கா ஓதுறியா என்பதோடு என் பங்கு சரி. அம்மாவிடமும் நாலு வார்த்தைதான். இப்போது கதையே வேறு. அத்தா சமையல்காரன்தான் திருடன் என்பார். மாமா டாக்டர் என்று சாதிப்பார். நான் ஜமீன்தாரின் தங்கச்சியை விடவே இல்லை. அம்மா மட்டும் ரிசீவரை வாங்கி, "சமையக்காரன் இல்ல, வேற ஆளப் பாருங்க" என்பாள். உனக்கெப்படித் தெரியும் என்று அத்தா அங்கிருந்து மல்லுக்கு நிற்பார். கார்டு தீர்ந்து லைன் கட்டாகிற வரைக்கும் பேச்சு ஓடும். வாராவாரம், இரண்டு வருடமும் இதே கூத்துதான்.

அடுத்த லீவுக்கு அத்தா வந்த மறுநாள், அம்மா அந்த சிடியைக் கொண்டுவந்து நீட்டினாள். பீரோவில் புடவை மடிப்புக்குள் இருந்ததாம், போன வாரம்தான் கண்ணில் பட்டதாம். அதே பாய், அதே மாமா. படம் ஓடியது, அத்தாவின் தோள் குலுங்கியது. எனக்கென்னவோ அம்மா மேல் கண் போனது. குண்டன் வாழைப்பழத் தோலில் கால் வைப்பதற்கு முன்னாலேயே அவள் அத்தாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். ஒல்லியின் தலையில் தண்ணீர்ப் பானை விழுவதற்கு முன்னாலும் அப்படியே. திரையை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. கடைசியில் அட்டிகையோடு பிடிபட்டது சமையல்காரன். நான் சொன்னேன்ல என்று அத்தா தொடையைத் தட்டினார்.

நான் எழுந்து நின்றேன்.

"அத்தா, அம்மா இத முன்னயே பாத்துட்டாங்க. ஒளிச்சு வெச்சதும் அவுங்கதான். சமையக்காரன் இல்லன்னு நம்மகிட்ட பொய் வேற சொல்லியிருக்காங்க."

மாமா வாயைத் திறந்தவர் மூடவில்லை. அப்படியா என்பது போல் அத்தா அம்மாவைப் பார்த்தார். அவள் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"திருடன் சிக்கிட்டா நீங்க போனை வெச்சிருவீங்க." அப்புறம், "இவ பள்ளிக்கூடம் போனப்பறம் போட்டுப் பாப்பேன். நீங்க இருந்தா எங்கெங்க சிரிப்பீங்கன்னு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். இதெல்லாம் ஒரு பதிலா? திருடிக்கு என்ன தண்டனை என்று அத்தாவைக் கேட்டேன். அவர் தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நானும் சேர்ந்து சிரிக்கத் தயாராக அந்த விசிலுக்குக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. படமும் முடிந்து டிவி வெறும் நீலமாக இருக்கிறது, இந்த மனுஷன் எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.