நுனி தெரிந்தால் இழுக்கும் கை

டெய்லரம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்களோடு நின்று பேசிக்கொண்டே உங்கள் சட்டையில் தொங்குகிற நூலைப் பிடித்து இழுத்துவிடுவாள். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் தீர்ந்தது, இறங்குவதற்குள் அது அவள் விரலில் சுற்றியிருக்கும். ஒருமுறை வங்கி மேனேஜரின் கோட்டிலேயே கை வைத்துவிட்டாள். அந்த மனுஷர் திரும்பிப் பார்க்க, கையில் நூலோடு அசடு வழிய நின்றாள்.

கைதான் இப்படி என்றால் கால் அதற்கும் மேல். சாப்பிட உட்கார்ந்தாலும் மேஜைக்கு அடியில் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில்கூடக் கட்டில் ஆடும். புருஷன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து அதிகம் வருவதில்லை.

அவள் கையும் காலும் ஓய்ந்திருப்பது ஒரே ஒரு நேரம்தான். பாபின் வந்து மடியில் படுக்கும் நேரம். பாபின் என்பது அவளுடைய பூனை. குட்டியாக வந்தபோது மெஷினில் நூல் சுற்றி வைக்கிற பாபினை உருட்டி உருட்டி விளையாடியதால் வந்த பேர். அது மடியில் ஏறிச் சுருண்டுவிட்டால் அந்த அம்மாள் அசைய மாட்டாள். அப்போதுதான் வீடே மூச்சு விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளி யூனிஃபார்ம் ஆர்டர் மலைபோல் கிடந்தது. நீல ஸ்கர்ட்டுகளுக்குச் சுருக்கு வைத்துக்கொண்டிருந்தாள். கத்தரியை எடுக்கத் திரும்பியவள் பாபினைப் பார்த்தாள். அது தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, எதையோ விழுங்க முடியாமல் வாயை மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் நீல நூல் ஒன்று தொங்கியது.

நூல் நுனி தெரிந்தால் அவள் கை என்ன செய்யும்? அதையேதான் செய்தது. மளமளவென்று ஒரு சாண் வந்தது. பிறகு நின்றது. அவள் விடவில்லை, இன்னும் ஒரு இழு இழுத்தாள். பாபின் அலறிய அலறலில் அவள் நூலை விட்டுவிட்டாள்.

"ஏங்க! இங்க ஓடி வாங்க!"

அவர் வந்தார், பார்த்தார், போனை எடுத்தார். முதல் ஆஸ்பத்திரியில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மிருகங்களுக்கு ஒன்றும் வராது என்று யார்தான் இவர்களுக்குச் சொன்னார்களோ! இரண்டாவது இடத்தில், "நாங்க ஆடு மாடு மட்டுந்தாங்க பாக்கறோம்" என்றார்கள். மூன்றாவதாக, ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரம்மா போனை எடுத்தார்.

புருஷன் பேசிவிட்டுத் திரும்பினார். "உடனே கொண்டு வரச் சொல்றாங்க. நூலை மட்டும் இழுக்கவே கூடாதாம். நீ இழுத்தியா?"

"சே, நானா? இல்லவே இல்ல."

பொய் அப்படியே நழுவி வந்துவிட்டது. அவர் நம்பினார். அவள் சொல்லி அவர் எதைத்தான் நம்பாமல் இருந்திருக்கிறார்?

வீட்டில் இருந்த ஒரே வண்டி டிரைவிங் ஸ்கூல் கார்தான். மேலே போர்டு, முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுத்து. துணிக்கூடையில் துண்டு விரித்து, அதில் பாபினைப் படுக்கவைத்து, மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். இரண்டு தெரு தாண்டவில்லை, கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான். அவர் மறுபடி கிளப்பினார். மறுபடி குலுங்கி நின்றது.

"இன்னும் வேகமாப் போங்களேன்! பாடமா நடத்தறீங்க?"

"எங்க போறது? நீதான் பிரேக்கை மிதிக்கறியே!"

குனிந்து பார்த்தாள். வாத்தியார் உட்காருகிற அந்தச் சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் தன்பாட்டுக்கு அதை மெஷினாக நினைத்து மிதித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பூனையைப் பிழைக்க வைக்கப் போகிற வழியெல்லாம் அவளே முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி போ!" என்று கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கத்தியது அன்றைக்குத்தான்.

பின்சீட்டுக்குப் போனாள். அவருடைய 'மெதுவா' வேகத்தில் சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போனான். பாபின் கத்துவதை நிறுத்திவிட்டது. கத்தினால் பயமாக இருந்தது, கத்தாமல் இருந்தால் அதைவிடப் பயமாக இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அரித்தது. 'அங்கே போனதும் டாக்டர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்' என்று மனசைச் சமாதானம் செய்தாள். மனசு அடங்கினால்தானே.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். பாபினின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"நாக்கு அடியில சுத்திக்கிட்டிருக்கு. மீதி உள்ள போயிருக்கு. படத்துல தெளிவாத் தெரியல. யாராவது இழுத்தீங்களா?"

"இல்லைங்க" என்றார் அவர் முந்திக்கொண்டு. "நான் கேட்டேன். இழுக்கலையாம்."

"அப்பாடா. அப்போ நாக்குகிட்ட வெட்டி விட்டுட்டு ரெண்டு நாள் பாக்கலாம். தானா வெளிய வந்துடும். யாராவது இழுத்திருந்தாத்தான் வம்பு. இங்க மாட்டிக்கிட்டு இருக்கில்ல, மேலருந்து இழுத்தா குடல் மொத்தமும் நூல்ல கோத்துச் சுருங்கிடும். அப்புறம் நூல் குடலையே அறுத்துடும். உடனே வயித்தைத் திறந்தாகணும்."

சுருக்கு. காலையிலிருந்து அவள் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள். துணியில் நூலோட்டி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் துணி மடிமடியாகக் கூடி வரும். அளவுக்கு மீறி இழுத்தால் துணி கிழியும்.

டாக்டரம்மா கத்தரியை எடுத்தார். பக்கத்தில் புருஷன், பாபினின் தலையைத் தடவியபடி நிம்மதியாக நின்றிருந்தார். இப்போது வாயைத் திறந்தால் அந்த முகம் என்ன ஆகும்? திறக்காவிட்டால் பாபின் என்ன ஆகும்?

"இழுத்தேன்" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இழுத்தேங்க. ஒரு சாண் வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. நான் விடல, இன்னொரு தடவை இழுத்தேன். அப்பத்தான் கத்துச்சு. இவருகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா கத்தரியை வைத்துவிட்டார். பாபினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

புருஷன் மூலை நாற்காலிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாய் படங்களை எல்லாம் பார்த்தாள். ஒரு நாய்கூட மனசில் பதியவில்லை. தாகமில்லாமல் தண்ணீர் குடித்தாள். மூடிய கதவில் காது வைத்துக் கேட்டாள். கடைசியில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் விழுந்து, அதன் உறையின் ஓரத்துத் தையலை நோண்ட ஆரம்பித்தாள். அது பிரிய ஆரம்பித்தது.

"அடுத்தவங்க பொருள்" என்றார் அவர்.

கையை இழுத்துக்கொண்டாள். அது சேலை ஓரத்தை நோண்டப் போயிற்று. அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையை அவள் மடியில் நீட்டி வைத்தார்.

"இந்தா. இதைப் பிரி."

அவள் அழுதுகொண்டே பிரித்தாள். முதலில் கை மடிப்பு, பிறகு பக்கத் தையல், பிறகு தோள் வரைக்கும். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை.

கதவு திறந்தபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கழற்றினார்.

"குடல் சுருங்கித்தான் இருந்துச்சும்மா. ஒரு இடத்துல அறுக்க ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு நாள் பாக்கலாம்னு விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும். நல்லவேளை சொன்னீங்க. இனி பொழச்சுக்கும்." பிறகு அவர் பக்கம் திரும்பி, தோளிலிருந்து தொங்கிய துணியைப் பார்த்தார். "என்ன சார், சட்டைக்கு என்ன ஆச்சு?"

"பழைய சட்டைங்க" என்றார். போன வாரம் அவள் தைத்துக் கொடுத்த சட்டை அது.

மூன்றாம் நாள் பாபின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக்கு வந்தது. தையலை நக்கக் கூடாது, தொடக் கூடாது, நுனியைப் பிடித்து இழுக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். "பூனைக்குச் சொன்னாங்களா, உனக்குச் சொன்னாங்களான்னு தெரியல. கூம்பு ரெண்டா வாங்கியிருக்கலாம்" என்றார் அவர்.

அடுத்த நாள் மத்தியானம் பாபின் கூடையில் மல்லாந்து தூங்கியது. புண் ஆறும்வரை மடியில் ஏற முடியாது. மழித்த வயிற்றில் வரிசையாகத் தையல். கடைசி முடிச்சிலிருந்து ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் நீலம்.

டெய்லரம்மா அதைப் பார்த்தாள். எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தாள். திரும்பி வந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"என்ன?"

"உங்க சட்டை ஏதாவது ஒண்ணு குடுங்க."

அவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.