வாசலோரத்து இடம்

இராஜபாளையத்தில் ஒரு பருத்திக் கிட்டங்கியில் நானும் என் தங்கையும் பஞ்சில் ஒட்டிய சருகு பொறுக்கப் போய்க்கொண்டிருந்தோம். வண்டியில் வந்திறங்கும் பருத்தியை ஆளுக்கொரு குவியலாகத் தள்ளிவிடுவார்கள். குவியலைச் சுத்தம் செய்து முடித்தால்தான் வீட்டுக்குப் போகலாம்.

கிட்டங்கிக்கு மேற்குப் பார்த்த ஒரே வாசல். உள்ளே தூசி மூக்கை அடைக்கும். பங்குனியில் வேலை தொடங்கிய அன்று கங்காணி எங்களையெல்லாம் வெளியே நிறுத்திவைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த அவர் கொழுந்தியாள் மகாராணி மாதிரி நடந்துபோய் வாசலோரத்தில் உட்கார்ந்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார். எனக்கு வயிறெரிந்தது.

தங்கை அப்போது முழுகாமல் இருந்தாள். முந்தைய பிள்ளை தங்கவில்லை. அவள் தூசியில் இருமும்போதெல்லாம் இதுவும் போய்விடுமோ என்று எனக்குக் குலை நடுங்கும். வேலையை விட்டாலோ அடுப்பெரியாது. அவளை மட்டுமாவது வாசலோரத்தில் உட்காரவிடும்படி கங்காணியிடம் கெஞ்சினேன்.

"மொத நாள் ஒக்காந்த எடந்தான் கடேசி வரைக்கும். அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஆனி பிறந்ததும் மலையிலிருந்து மேல்காற்று இறங்கியது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அது ஆனியிலேயே வந்துவிடும். கொழுந்தியாள் பொறுக்கிப் போட்ட சருகெல்லாம் திரும்பிவந்து அவள் சுத்தப் பருத்தியிலேயே விழுந்தது. பொழுது சாய்ந்து நாங்கள் முந்தானையை உதறிக் கிளம்பும்போதும் அவள் குவியல் பாதியில் நிற்கும். நான் நன்றாகவே ரசித்தேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

நாலைந்து நாளில் கங்காணி என்னிடம் வந்து, கொழுந்தியாள் என் இடத்துக்கு வரட்டும், நான் வாசலுக்குப் போகட்டும் என்றார்.

"மொத நாள் ஒக்காந்த எடந்தான் கடேசி வரைக்கும்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீக" என்றேன்.

பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லார் கையும் நின்றுவிட்டது. வெளியே முதலாளியின் வண்டி பாரம் ஏற்றக் காத்திருந்தது. கங்காணி வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் கொழுந்தியாளைப் பார்த்தார்.

"சரி, யாருக்கு எங்க தோதோ அங்க ஒக்காருங்க."

கொழுந்தியாளை என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன். தங்கையை வாசலுக்கு அனுப்பினேன். அங்கே அவளுக்கும் சருகு திரும்பித்தானே விழும் என்று ஒருத்தி கேட்டாள். அதனால் தங்கையின் குவியல் முழுவதையும் ஆளுக்கு இரண்டு கை அள்ளி எங்களுடையதோடு சேர்த்துக்கொண்டோம். கொழுந்தியாளும் அள்ளினாள், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான்.

பொழுது சாயும்வரை தங்கை ஒரு தடவைகூட இருமவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மூச்சு விடுட்டி. இன்னைக்கு ஒனக்கு அதுதான் வேலை" என்றேன்.