மறந்துபோன குடைகள் விற்றவர்

கிள்ளானிலிருந்து ஒரு வேலையாகக் கோலாலம்பூர் போயிருந்தேன். திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் சும்மா நடந்தேன். அங்கே ஒரு விசித்திரமான கடையைக் கண்டேன். பயணிகள் ரயிலில் மறந்துவிட்டுப் போன குடைகளை ஏலத்தில் எடுத்து விற்கும் கடை அது. கடைக்காரர் ஒல்லியான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு குடையாக விரித்து, "இது யாரோ வாத்தியாரோடது," "இது கோவக்காரரோடது" என்று ஊகித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு குடை வாங்கியதும் மழை கொட்டத் தொடங்கியது. அவர் கடையைச் சாத்தினார்.

"பேய்மழை தம்பி, குடை தாங்காது. கோயில்ல உக்காந்துட்டுப் போங்க."

பக்கத்துச் சந்திலிருந்த சின்ன மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார். உள்ளே யாருமில்லை. அவர் நேராகப் பெண்கள் பக்கம் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க வேதக்காரங்களா?"

"நான் இல்ல, என் சம்சாரம். ஞாயித்துக்கிழமை இங்கதான் உக்காருவா. நான் வெளிய மரத்தடியில நிப்பேன். ஒருக்கா உள்ள வாங்களேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அவ செத்த பொறகுதான் வந்தேன்."

ஆறுதலாக அவர் அருகில் உட்காரப் போனேன்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி, அந்த இடம் வேணாம்" என்றார் மெதுவாக.

நான் பின்பெஞ்சுக்குப் போனேன். அவர் கும்பிடவில்லை, அழவும் இல்லை. பக்கத்தில் ஒருவருக்கு இடம்விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். மனைவி அத்தனை முறை கூப்பிட்டும் வாசற்படி ஏறவிடாமல் அவரைத் தடுத்தது எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.